வைக்கோல் சூரியன்

ரோஸ்டவுனுக்கு மேற்கே அறுவடை முடிந்த வயல்.
ஓரத்தில், என் தோளுயரத்துக்கு
உருட்டிக் கட்டிய வைக்கோல்.
"இதுதான் சூரியன்" என்றார் ஃப்ரீசன் டீச்சர்,
காற்றில் துடிக்கும் தாளை இறுக்கிப் பிடித்தபடி.
ஏழாம் வகுப்பு. பத்தொன்பது பேர்.
பத்து லட்சம் கிலோமீட்டரை
ஒற்றை மீட்டராய்ச் சுருக்கிய வானம்.
கணக்கெல்லாம் தாளில் இருந்தது.
கோள்கள்தான் பெட்டியோடு
பள்ளிக்கூட மேசையில் தங்கிவிட்டன.

நான் பேருந்து ஓட்டுகிறவன். எனக்கென்ன என்று
கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.
நேற்று சாஸ்கட்டூனில் வாங்கி
இறக்க மறந்த மளிகைப் பை
என் இருக்கைக்குப் பின்னால் கிடந்தது.
டானிலோதான் எட்டிப் பார்த்தான்:
"மிஸ்டர் நவம், இதில் உருண்டையாக ஏதாவது இருக்கிறதா?"

உருண்டையாகவா கேட்டாய், ராசா!

மிளகு ஒன்று, புதனுக்கு.
வெள்ளிக்குக் கொண்டைக்கடலை.
பூமிக்கும் அதுவே, மயிரிழை பருத்ததாய்ப் பொறுக்கி.
(இதே மண்ணில் விளைந்து
எங்கோ பொட்டலமாகி
என்னிடம் விலைக்கு வந்த கடலை.)
செவ்வாய்க்கு உலர்ந்த பட்டாணி.
"பச்சையாக இருக்கிறதே?"
"துருப்பிடிக்கும், பொறு."
வியாழன் முட்டைக்கோஸ். சனி தேங்காய்,
வளையத்துக்கு என் தொப்பி.
மிச்சம் இரண்டுக்கும் எலுமிச்சை.

சூரியனிலிருந்து நூற்றைம்பதாவது மீட்டரில்
சரளைக்கல் மேல் பூமியை வைத்தோம்.
பக்கத்தில் நிலவு, ஒரு கொத்தமல்லி விதை.
இடைவெளி ஒரு முழம்கூட இல்லை.
பூக்கடையில் இப்படி அளந்தால் சண்டைக்குப் போவோம்.
மனிதர் போய்க் கால்வைத்த தொலைவு
இதுவரை அவ்வளவுதான்.

மரிஸ் லாஃபொண்ட் வெளிச்சமாக நடித்தாள்.
குதிகாலில் பெருவிரல் முட்ட
நொடிக்கு ஒரு அடி, அதற்குமேல் அனுமதியில்லை.
எல்லோரும் பூமிக்கு வந்து பிஸ்கட் தின்று முடித்து
"சீக்கிரம் வா!" என்று கத்தினார்கள்.
அவள் தலை நிமிரவில்லை.
"என்னை யாரும் முந்த முடியாது.
நீங்கள்தான் சட்டத்தை மீறிவிட்டீர்கள்."
எட்டு நிமிடம் இருபது நொடி.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அவள் வந்து சேர்ந்த கையோடு
புல்லுக்குள்ளிருந்து ஒரு தரை அணில்
எழுந்து நின்றது, எங்களைப் பார்த்தது,
பூமியை எடுத்து வாயில் போட்டது,
வளைக்குள் போய்விட்டது.

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.
"பையில் இன்னும் ஒரு கிலோ இருக்கிறது" என்றேன்.
எடு என்று யாரும் சொல்லவில்லை.
நிலவை மட்டும் துடைத்து
மரிஸ் என் கையில் கொடுத்தாள்.

மற்றதற்கெல்லாம் பேருந்து.
முக்கால் கிலோமீட்டர் தாண்டி முட்டைக்கோஸ்.
அதைப்போல் இன்னொரு மடங்கு போனால் தேங்காய்.
அப்புறம் சாலை, சாலை, சாலை.
கடைசி எலுமிச்சையை நாலரைக் கிலோமீட்டரில்
ஒரு வேலிக்கம்பத்தின் தலையில் வைத்துத் திரும்பிப் பார்த்தால்
சூரியன் தெரியவில்லை.

"அடுத்த நட்சத்திரம் எங்கே?"
டீச்சர் தாளைத் திருப்பினார். நாற்பதாயிரம் கிலோமீட்டர்.
இப்படியே நேராகப் போய்
மலை, கடல், கண்டம் எல்லாம் தாண்டி
உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி
இதே வைக்கோலின் முதுகுப்பக்கம் வந்து நிற்கிற தூரம்.
அவ்வளவு நேரம் வாயாடிய டானிலோ
ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான், கட்டியதையே மறுபடியும்.

மாலை எல்லோரையும் இறக்கிவிட்டு
என்ஜினை அணைக்கும்போது மீட்டரைப் பார்த்தேன்.
எண்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
ஏழு வருடம், இதே நாலு சாலை,
இதே தபால்பெட்டிகள், இதே நாய்கள்.
போய்விட்டுத் திரும்பியும் வந்திருக்கிறேன்,
பனிப்புயலில் இரண்டு நாள் மட்டும் தாமதம்.

சாவியைப் போடச் சட்டைப்பையில் கைவிட்டேன்.
விரல்நுனியில் ஏதோ உருண்டது,
லேசாக வாசம் அடித்தது.