மூன்று கம்பளி

மன்னவனூருக்கு மேலே, பூண்டுக்காட்டு விளிம்பில்
கறுப்புத் தாள் விரித்த பண்ணைக்குட்டை.
மழைத்தண்ணீர் நிற்கும்,
இரவில் ஏதாவது குடிக்க வரும்.
நாங்கள் அதற்காகத்தான் போனோம்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு வருவதைக் கேட்டு
எங்களை நல்லவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

மாயழகுவிடம் துப்பாக்கி. நாட்டுத் துப்பாக்கி,
கட்டை மட்டும் மூன்றுமுறை மாற்றியது.
சவரியப்பன் நெற்றியில் விளக்கு.
என் பையில் கத்தி, உப்பு, கோணிச்சாக்கு.

காற்று எதிர்முகம்.
குட்டைப் பக்கமிருந்து தண்ணீர் அடிபடும் சத்தம்.
குடிக்கிற சத்தம் இல்லை அது.

விளக்கைப் போட்டான்.
பெட்டைக் கடமான். பாதி உடம்பு தண்ணீருக்குள்.
முன்னங்கால் இரண்டும் தாளில் ஏறும்,
வழுக்கும்,
மூக்குவரை முங்கி எழும்.
எத்தனை நேரமாய் என்று தாள் சொன்னது:
கரை நெடுகக் குளம்புக் கீறல்,
ஒரு சுற்று முழுக்க.

சினை என்றான் சவரி.
இல்லை என்றான் மாயழகு.
இருட்டில் யாருக்குத் தெரியும்.

பத்தடி தூரம்.
ஒரு மாதக் கறி
கண் சிமிட்டாமல் எங்களைப் பார்த்தது.
"சுடுடா" என்று நான்தான் சொன்னேன்.
மாயழகு கட்டையைத் தரையில் ஊன்றினான்.
"நிக்கிறதச் சுட்டிருக்கேன், ஓடுறதச் சுட்டிருக்கேன்.
மாட்டிக்கிட்டதச் சுட்டா அது அறுப்பு.
அறுக்க வீட்ல கோழி கிடக்கு."

வனத்துறைக்குச் சொல்லலாம்.
யார் பேசுவது, எந்த நம்பரிலிருந்து,
இந்நேரம் அங்கே உனக்கென்ன வேலை என்றால்
எதைச் சொல்வது.
போனை எடுத்த சவரி மணி மட்டும் பார்த்தான்.
ஒன்று பத்து.

தாளைக் கிழித்துவிடலாம் என்றேன்.
கிழித்தால் தண்ணீர் போகும்,
கோடைக்குப் பூண்டு காயும்.
அதுவும் ஒரு சம்சாரியின் வயிறு.

பிறகு கம்பளிகளை உருவினோம்.
ஒன்றோடொன்று முடிச்சிட்டு
மேல்முனையை வேலிக்கல்லில் கட்டி
தாள்மேல் சரித்தோம்.
விளக்கை அணைத்து, விலகிப்போய்ப் படுத்தோம்.
எங்கள் வாடை அதற்கு இன்னொரு குட்டை.

தை மாதம். பூண்டு இலைகளில் பனி உறைந்தது.
பல் அடித்துக்கொள்ளக் கூடாதென்று
மாயழகு துண்டைக் கடித்துக் கிடந்தான்.
சுடுவதற்குக்கூட இவ்வளவு அசையாமல்
நாங்கள் கிடந்ததில்லை.

முதல் தடவை வழுக்கியது.
இரண்டாவதும்.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
செத்துவிட்டது என்று எழப்போனேன்,
சவரி என் கணுக்காலைப் பிடித்தான்.

கம்பளி கிழிகிற சத்தம்.
கல் முனகுகிற சத்தம்.
பிறகு எங்கள் தலைக்கு நாலு முழத்தில்
நனைந்த உடம்பொன்று வந்து நின்று
உதறியது.
முகமெல்லாம் பாசி நாறும் தண்ணீர்.

மாயழகுவின் கை துப்பாக்கிமேல் இருந்தது.
இப்போது ஓடும்.
அவன் சொன்ன சட்டப்படியே சுடலாம்.
சோலைக்குள் கிளை முறியும்வரை
அவன் விரல் எங்கே இருந்தது என்று
இன்றுவரை நாங்கள் கேட்டதில்லை.

மறுநாள் டீக்கடையில் குட்டைக்காரர்,
பூண்டு திருட வந்த பயல்கள்
வேலிக்கல்லைச் சாய்த்துவிட்டார்கள் என்று
எங்கள் மூவரிடமே சொல்லித் திட்டினார்.
சவரி உச்சுக்கொட்டினான்.
திருட்டுப் பட்டம் சின்னது. வாங்கிக்கொண்டோம்.

வீட்டில் கம்பளியைத் தைத்தவள்
மோந்து பார்த்தாள்.
"வாடை இருக்கு, கறி எங்க?"
"சிக்கல."
குளம்பு அகலத்துக்கு ஓர் ஓட்டை.
அதில் மூன்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு
வேறு நூல் எடுக்கப் போனாள்.

மாசி அமாவாசைக்கு மறுபடி போனோம்.
போகிற வழியில்
கறிக்கென்று கொண்டுபோன கோணியைப் பிரித்து
அதே கல்லில் இறுக்கிக் கட்டி
குட்டைக்குள் தொங்கவிட்டு
மேலே நடந்தோம்.

துப்பாக்கியில் மருந்து கெட்டித்துத்தான் இருந்தது.