கோப்பையில் முக்குதல்

கட்சுனுமாவில் மே மாதம்.
கொடிப்பந்தலுக்குக் கீழே கழுத்தொடிய நின்று
ஃபுசாயே ஒவ்வொரு திராட்சைக் கொத்தாகக்
கோப்பையில் முக்கி எடுக்கிறாள்.
முக்கியது தெரியட்டுமென்று சாயம் கலந்த மருந்து
முழங்கை வழியே சிவப்பாய் இறங்கிச்
சட்டைக்குள் போகிறது.

"வளரச் சொல்லுமா இது?"
இல்லை. அது யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

உட்கருவில் ஒரு புரதம்,
மரபணுவைத் திறக்கப் போகிறவர்களின்
கையைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறது:
இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம்.

ஜிப்ரெலின் வந்து
ஏற்பியின் குழிக்குள் விழுகிறது.
மூடி சாய்கிறது.
மூடியின் முதுகில்தான்
அந்தப் புரதம் வந்து ஒட்டும்.
ஒட்டியதும் அதன்மேல்
சங்கிலியாய் யூபிக்விட்டின் முத்திரைகள்.
பிறகு அரவை.
கை விடுபட்டவர்கள் வேலைக்குப் போகிறார்கள்.

செல் நீள்கிறது. அவ்வளவுதான்.

"அப்போ தள்ளிவிடுவதில்லை,
பிடித்திருந்ததை எடுத்துவிடுகிறது"
என்றவள் அடுத்த கொத்துக்கு நகர்ந்தாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை.
ஓரத் தூணருகே
முதல்முறை தப்பிய ஒரு கொத்து,
இன்னும் கடுகளவில்.
கோப்பையை நீட்டினேன்.
"விடு."

ஆகஸ்டில் அதில் ஒன்றைக் கிள்ளி மென்று
உள்ளங்கையில் துப்பி எண்ணினாள்:
இரண்டு விதை.