வெட்டமுதல் ஒரு பெயர்

செலஸ்ரீன் அக்கா ரொறன்ரோவிலிருந்து கேட்கிறாள்.
எனக்கு இங்கே பகல் பதினொன்று,
மருந்து ஜன்னலில் நூற்றுநாற்பதாம் இலக்கம்.
அவளுக்கு நித்திரை வராத நேரம்.
"வீட்டுக்குப் பின்னால நிக்கிற வில்லோவை
வெட்டச்சொல்லி நகரசபைக் கடிதம் வந்திருக்கு.
வேர் போய்த் தண்ணிக்குழாயை உடைச்சிட்டுதாம்.
உதுக்குத் தமிழில என்ன பேர்?"

பெயர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அத்தான் மோசம்போன கிழமை முழுக்க
அந்த மரத்துக்குக் கீழேதான் கதிரை போட்டு இருந்தவள்.

அகராதி ஆற்றுப்பாலை என்கிறது.
ஆறு?
எங்கள் குடாநாட்டில் ஆறென்று பெயர் வைத்திருப்பது
வழுக்கையாறு. அதுவும் மாரிக்கு வந்து
அராலிக் கடலில் விழுந்து
பொங்கலுக்குப் பின் வெறும் பள்ளமாய்க் கிடக்கும்.

வஞ்சி என்றும் இருக்கிறது.
பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தது:
அடுத்தவன் மண்ணில் ஆசை வைத்துப்
புறப்படும் அரசன் சூடும் பூ.
வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.
ஒருவர் தலையிலும் பூ இருக்கவில்லை.
அதே சொல் பெண் என்கிறது, கொடி என்கிறது,
கொஞ்சம் வாலை நீட்டினால் ஏமாற்று என்கிறது.
இத்தனை சுமந்த சொல்லைக்
குழாய் உடைத்த மரத்தின் மேல் எப்படி ஏற்றுவது?

என் மகன் டெறிக்கைக் கேட்டால் சந்தேகமே இல்லை:
"வில்லோ எண்டா மட்டை அம்மா."
போன வருசம் மத்திய கல்லூரி மைதானத்தில்
முதல் பந்திலேயே பிளந்தது.
என் அரை மாதச் சம்பளம்.

நான் மருந்து கொடுப்பவள். எனக்குத் தெரிந்தது வேறு.
அதன் பட்டையை மென்று
வலி ஆற்றியவர்கள் முன்பு இருந்தார்கள்.
அந்தக் கைப்பின் வழிவந்ததைத்தான் இன்று தட்டில் கொட்டி
ஐந்தைந்தாய்த் தள்ளி எண்ணுகிறேன்,
நெஞ்சு நோக்காரருக்கு நாளுக்கு ஒன்று.
வில்லோ, வில்லை.
கடைசி எழுத்தில்தான் வித்தியாசம் என்று
தனியே சிரிப்பு வந்தது.

இன்னொரு பெயரும் உண்டு.
எங்கோ ஓர் ஆற்றங்கரையில் ஊரிழந்தவர்கள்
தங்கள் யாழை அந்த மரத்தில் மாட்டிவைத்தார்களாம்.
தமிழாக்கியவர் மரத்தைக் கண்டிருக்கமாட்டார் போல,
ஒல்லி இலையென்று கேள்விப்பட்டு
அலரி என்று எழுதிவிட்டார்.
குருநகர்க் கோயிலில் அதை வாசிக்கும் நாட்களில்
யாரும் பிழை பிடிப்பதில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசி, நாவற்குழி கடந்து
மழைக்குள் ஒரு வேலியோரம்.
எங்களிடம் யாழ் இருக்கவில்லை.
சேலைன் போத்தலை அலரிக் கொப்பில் கட்டினேன்.
கொப்பு வளைந்தது, துளி விழுந்தது.
கீழே படுத்திருந்த பிள்ளைத்தாய்ச்சி
சாவகச்சேரி வரைக்கும் உயிரோடு வந்தாள்.

"அலரி எண்டு சொல்லன்," என்றேன் அக்காவிடம்.
அந்தப் பக்கம் குளிர்ப்பெட்டி இரைவது கேட்டது.
"அதை மட்டும் சொல்லாதை."

சொல்லியிருக்கக்கூடாது.
எங்கள் வளவு மூலையில் நின்ற அலரியை
எண்பத்தொன்பதில் அப்பா
ஏன் வேரோடு தோண்டி எறிந்தார் என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.
எங்களுக்கு நடுவில் பிறந்தவளின் பெயரைத்தான்
அக்கா தன் மகளுக்கு வைத்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
பிறகு நான்:
"ஒரு கொப்பை முறிச்சு
வாளித் தண்ணிக்குள்ள வை. வேர் விடுமாம்."
"பேர்?"
"முதல் வேர் வரட்டும்."

நூற்றுநாற்பத்தொன்று கண்ணாடியைத் தட்டுகிறார்.
அவருக்கும் அதே வெள்ளை வில்லைதான்.
உறையில் எழுதுகிறேன்:
காலை ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.