நாலாம் நம்பர்

இரும்பாலையில் விருப்ப ஓய்வு வாங்கிய பணத்தில்
நாகலூருக்கு மேலே ஒரு ஏக்கர் இருபது சென்ட்.
காப்பிச் செடி பாதி, உண்ணிச் செடி பாதி.
கூடவே ஆறு கதவு வைத்த லைன் வீடு.
பத்திரத்தில் அதைப் பாழடைந்த கட்டடம் என்று எழுதி
விலை போடாமல் விட்டிருந்தார்கள்.

ஆறை மூன்றாக்க வேண்டும்.
இரண்டு அறைக்கு நடுச்சுவரை இடித்தால்
ஒரு விருந்தினர் அறை. ஓரத்தில் குளியலறை,
சுடுதண்ணி, வெள்ளைப் பீங்கான்.
வங்கி மேலாளர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வியூ எந்தப் பக்கம்?"
வியூ எல்லாப் பக்கமும் இருந்தது.
ஜன்னல்தான் ஒரு பக்கமும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஏற்றிய டைல்ஸ்
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில்
பெட்டிக்கு இரண்டு உடைந்திருந்தது.
மிச்சத்தை மாதேஷ் மேஸ்திரி
தர்பூசணி வாங்குகிறவரைப் போல
தட்டித் தட்டிக் கேட்டார்.

எல்லா நிலையிலும் நாங்கள் தலையை இடித்துக்கொண்டோம்.
சித்தாள் ராசகிளி மட்டும்
ஒரு தடவையும் இடித்துக்கொள்ளவில்லை.

நாலாம் நம்பரில் சுண்ணாம்பைச் சுரண்டியபோது
அடியில் கரிக்கோடுகள்.
நாலு நிற்க, ஒன்று குறுக்கே படுத்த கோடுகள்.
"எங்கப்பன் பழம் எடுத்த கூடைக் கணக்கு.
கணக்கப்பிள்ளை எழுதுனதுக்கும் இதுக்கும்
ஒரு நாளும் ஒத்து வந்ததில்ல."
ஏழு பேர் படுத்திருக்கிறார்கள் அங்கே.
எப்படி என்றேன்.
"பக்கம் பக்கமாத்தான்."

அலங்கார வேலைக்கு வந்த ஹரிபிரசாத் துள்ளினான்.
"கண்ணாடி போட்டு ஃப்ரேம் பண்ணிடலாம் சார்,
கெஸ்ட்டுக்கு ஒரு கதை வேணும்."
ராசகிளி யாரையும் பார்க்கவில்லை,
சுரண்டுவதையும் நிறுத்தவில்லை.
அவன் போனில் மாதிரிப் படம் தேடி எடுப்பதற்குள்
அத்தனை கூடையும்
அவள் காலடியில் தூளாகக் கிடந்தது.

"கட்டில இந்தப் பக்கம் போடாதீங்க.
ஐப்பசியில இங்கதான் சொட்டும்."
புது ஓடு, புது ரீப்பர்,
ஓட்டுக்கு ஓடு சிலிக்கான்,
பில் இருக்கிறது என்றேன்.

டீ குடிக்கும்போது ஒரு நாள் கேட்டாள்,
"ராத்திரிக்கு எவ்வளவு வாங்குவீங்க?"
"எண்ணூறு."
ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது.
மூவாயிரத்து ஐந்நூறு என்று அச்சடித்த போர்டு
அப்போது என் கார் டிக்கியில் இருந்தது,
துணி சுற்றி.
"எண்ணூறா," என்றாள்.
கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஐப்பசி ஒன்பது. முதல் விருந்தாளிகள்.
பெங்களூருக்காரர்கள், கல்யாணமாகி இருபது நாள்.
இரவு பதினொன்றரைக்கு போன்:
"அங்கிள், தலைகாணி நனையுது."
குடையோடு ஓடினேன்.
பனியில் என் டார்ச் ஒளி
ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை.
ஓட்டை எங்கே என்று தெரியவில்லை,
சொட்டு விழும் இடம் நன்றாகத் தெரிந்தது.
மூவருமாகக் கட்டிலை இழுத்தோம்
அவள் காட்டியிருந்த பக்கத்துக்கு.
புது மனைவி பக்கெட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
அவன் சிரிக்கவில்லை,
பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்றான்.

காலையில் ராசகிளி ஏணியோடு வந்தாள்.
வாசலில் போர்டு.
அதன் முன்னால் நின்று
ரசீது சரிபார்ப்பவளைப் போல
மேலிருந்து கீழாக ஒரு தடவை வாசித்தாள்.
கூரையில் ஏறி, ஒரு ஓட்டைத் தூக்கி,
அந்தச் சந்து வழியாக அறைக்குள் குனிந்து,
"இன்னிக்குக் கூலி ரெண்டாயிரத்து எழுநூறு," என்றாள்.

கீழிருந்து அவள் முகம் தெரியவில்லை.
ஓட்டளவு வெளிச்சம்தான் தெரிந்தது.
சரி என்றேன்.
ஓடு மூடிக்கொண்டது.