மூடி

ஏனுங், வூட்ல யாருங்க?
கார்ப்பரேசன்ல இருந்து வர்றனுங்க.
கொசுப்புழு பார்க்கோணும்.

ஒரு நாளைக்கு அறுபது வீடு,
அறுபது தடவை இதே மூன்று வரி.
கையில் டார்ச், மருந்துச் சீசா, சாக்பீஸ்,
டீ வடிகட்டி ஒன்று.

பதினொரு நாளைக்கு ஒருக்கா நல்ல தண்ணி.
அன்றைக்குத் தெருவுக்கே கல்யாணம்.
டிரம், அண்டா, சாய டப்பா,
பிள்ளை வளர்ந்து மிச்சமான குளியல் தொட்டி,
வாயுள்ளது எல்லாம் நிரம்பும்.
பத்தாம் நாள்
இடுப்பு வரைக்கும் டிரம்முக்குள் குனிந்து
அடித்தண்ணீரை மொள்ளுவார்கள்.
அதைப் போய் நான் கொட்டச் சொல்கிறேன்.

"நீ வந்து ஊத்தறயா அம்மணி?"
மயிலாத்தா கேட்டது நியாயம்தான்.
பாதியைக் குடத்தில் வடிகட்டி வைத்துவிட்டு
உள்விளிம்பை நாரால் தேய்த்துக் காட்டினேன்.
முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.
காய்ந்தாலும் சாகாது,
வட்டிக்காரன் மாதிரி மாசக்கணக்கில்
தண்ணீர் வரும்வரை உட்கார்ந்திருக்கும்.

மூடுவதற்கு இந்த ஊரில் துணிக்கா பஞ்சம்?
எந்த நாட்டுக் குழந்தைக்கோ தைத்தது போக
மஞ்சள் வாத்துப் போட்ட கட்டிங் வேஸ்ட்,
இரண்டாய் மடித்து எலாஸ்டிக் கோத்து
டிரம் வாயில் இழுத்து மாட்டினால் முடிந்தது.
இதைக் கண்டுபிடித்தவள் யாரோ,
நிச்சயம் ஆபீசர் இல்லை.

ஒடிசாப் பையன்கள் இருக்கும் லைன் வீடு.
என் பாஷை அங்கே செல்லாது.
டார்ச்சை டிரம்முக்குள் அடித்தேன்.
நைட் ஷிப்ட் முடித்த நான்கு தலைகள் எட்டிப் பார்க்க
தலைகீழாய்த் தொங்கி மூச்சு வாங்கியதெல்லாம்
நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின.
ஒருத்தன் முழங்கையைச் சொறிந்தான்.
ஒருத்தன் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான்.
பிறகு நான்கு பேருமாய் டிரம்மைச் சாய்த்தார்கள்.

சென்னியப்பனுக்குச் சாக்கடை மேல்தான் கோபம்.
இது சாக்கடைக் கொசு இல்லீங்க,
நல்ல தண்ணியில பொறந்து பட்டப்பகல்ல கடிக்கறது.
உங்க ஃபிரிட்ஜுக்குப் பின்னால ஒரு தட்டு இருக்குது பாருங்க.
பதினாலு வருசமாய் அவர் பார்க்காத தட்டு.
பார்த்தார்.
எனக்குக் காப்பி வந்தது.

துளசிமணி வீட்டுக்குக் கடைசியாகத்தான் போவேன்.
கதவுக்குப் பின்னால் என் சாக்பீஸ் தேதிகள்,
வியாழன் வியாழனாக.
போன ஐப்பசியில் மட்டும் இரண்டு இல்லை.
சம்பளம் மூன்று மாசம் வரவில்லையென்று
ஆபீஸ் வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்த வியாழன்கள்.
அந்த இடத்தை அவளும் துடைக்கவில்லை,
நானும் நிரப்பவில்லை.

உள்ளே எல்லாம் கவிழ்ந்து கிடக்கும்,
குடம், வாளி, சொம்பு, டம்ளர் உட்பட.
வேண்டும்போது பக்கத்து வீட்டில் மொண்டுகொள்கிறாள்.
அலமாரி மேலே ஒன்றே ஒன்று நிமிர்ந்து,
பள்ளிக்கூடத் தண்ணி பாட்டில்.
நீலம்.
பேர் எழுதிய ஸ்டிக்கரில் முதலெழுத்து உரிந்திருக்கிறது.
முக்கால்வாசித் தண்ணீர்.

தேங்கியது எதையும் விடக்கூடாது என்பது விதி.
அவள் என் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எடுத்தேன். வெளிச்சம் பிடித்தேன்.
தெளிவு.
திருகு அசைகிறதா என்று விரலால் பார்த்தேன்.
"மூடி நல்லா இருக்குதுங்க."
"அவ எப்பவும் இறுக்கித்தான் மூடுவா."

நோட்டில் எழுதினேன்,
பாத்திரம் ஒன்று, புழு இல்லை.

காய்ச்சல்னா நீங்களா மாத்திரை வாங்காதீங்க,
விட்டுருச்சுன்னு சும்மாவும் இருக்காதீங்க,
விட்ட மறுநாள்தானுங்க கெடுதல்,
அறுபது வீட்டிலும் ஒப்பிக்கிற இதை
இங்கே மட்டும் விழுங்கிக்கொண்டு
நகத்தளவு சாக்பீஸால் தேதி போட்டேன்.

தெருக்குழாயில் காற்றுச் சீறியது.
தண்ணி வந்திருச்சு! யாரோ கத்தியதும்
குடங்கள் ஓடின.
நானும் ஓடினேன் பஸ் ஸ்டாப்புக்கு,
என் வீட்டு டிரம்மைத் தேய்த்துப்
பத்து நாளாகிறது.