பற்சக்கரம்

ஓல்ட்டன் ஊரில் நவம்பர் என்றால் மூடுபனிதான்.
விளையாட்டரங்கில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நாற்பது மேசை பழைய பொம்மை ரயில்கள்,
ஈரக் கோட்டுகளின் வாடை.
என் பையில் அறுநூறு பிராங்க்.
குளியலறைக் குழாய் மாற்ற வைத்திருந்தது.
இன்னும் ஒரு குளிர்காலம் சொட்டட்டும் குழாய்.

தானமாக வந்த மாடு இல்லையே,
பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.
அதுவும் நான் பார்க்கலாம்:
இருபத்தாறு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறவள்.
ஆராவ் நகரில் பலபேர்
என் கைவேலையால்தான் ஆப்பிள் கடிக்கிறார்கள்.

சும்ஸ்டைன் மூன்று எஞ்சின்களைத்
துணிமேல் வரிசையாக வைத்தார்.
"பேரனுக்கா?"
"எனக்கு."
கண்ணில் உருப்பெருக்கியை மாட்டினேன்.
அவர் முகம் சற்றே மாறியது.

முதலாவது பச்சை. முன்னும் பின்னும் நீள மூக்கு.
முதலை என்று இங்கே செல்லப்பெயர்.
ஒரு கீறல் இல்லை.
எழுபது வயதில் முப்பத்திரண்டும் பளீரென்று இருந்தால்
நான் நம்புவதில்லை.
சக்கரத்தின் மறைவில் நகத்தால் சுரண்டினேன்.
பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை
பல்லிளித்தது.
தொழிற்சாலைச் சாயமேதான் என்று சத்தியம் செய்தார்.
(அவருடைய மேல்வரிசை, சூரிச்சில் யாரோ செய்தது,
கொஞ்சம் தூக்கல்.)

இரண்டாவது சிவப்பு. சாயம் அசல்.
ஆனால் துத்தநாகத்துக்கு ஒரு நோய் உண்டு.
வார்க்கும்போது துளி ஈயம் கலந்துவிட்டால்
பல வருடம் கழித்து
உள்ளிருந்தே உப்பி வெடிக்கும்.
அடிச்சட்டம் முழுக்க மயிரிழை விரிசல்.
வெளியே சிரிப்பு, வேரில் சீழ்.
அழகாகத்தான் இருந்தது.
நோயாளி தூங்கும் அறையின் கதவைச் சாத்துவதுபோல்
மெதுவாகக் கீழே வைத்தேன்.

மூன்றாவது கறுப்பு, குட்டை, நீராவி எஞ்சின்.
புகைபோக்கி ஓரம் சாயம் உதிர்ந்திருந்தது.
கொதிகலன் மேல் ஏதோ ஒரு பிள்ளை
ஆணியால் கீறிய ஏழு.
மூடியைக் கழற்றினேன்:
பித்தளைப் பற்சக்கரங்கள்,
இரண்டு பக்கமும் ஒழுங்காக மென்ற வாய்போலத்
தேய்மானம் சீராக.
பழைய எண்ணெய் தேனாக இறுகிக் கிடந்தது.
தண்டவாளத் துண்டில் வைத்து மின்சாரம் கொடுத்தார்.
முனகியது. ஒரு நீலப் பொறி.
பின்னால் போயிற்று.
முன்னால் போகச் சொன்னால்
மறுபடியும் பின்னால்.
"சரிசெய்துவிடலாம்" என்றார், யாரால் என்று சொல்லாமல்.

முன்விளக்கு மூன்று.
ஒன்று மட்டும் வேறு வெளிச்சத்தில் நின்றது.
குனிந்தேன்.
தகரம் இல்லை. பித்தளை இல்லை.
கோபால்ட் குரோமியம்,
பொய்ப்பல் சட்டத்துக்கு நாங்கள் வார்க்கிற உலோகம்.
மெழுகில் செதுக்கி, வார்த்து, கல்லில் தேய்த்துப்
பஞ்சுச் சக்கரத்தில் மெருகேற்றியிருந்தது.
விளிம்பு உள்நோக்கி உருட்டப்பட்டிருந்தது,
நாக்கைக் கிழிக்கக் கூடாதே என்று.

எஞ்சினுக்கு ஏது நாக்கு?
கை, தனக்குப் பழகியதைச் செய்திருக்கிறது.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும்
சூளையை அணைக்காமல் ஒருவர் இருந்திருக்கிறார்,
யாருடைய தாடைக்கோ உருக்கியதில்
மிஞ்சிய துணுக்கோடு.
நானும் இருந்திருக்கிறேன் அப்படி, ஒருமுறை,
ஒரு காதணிக்காக. யாரிடமும் சொன்னதில்லை.

"எவ்வளவு?"
"முந்நூற்றிருபது."
அப்போது சொன்னேன்,
வாய் கூசாமல் சொன்னேன்:
"இந்த விளக்கு போலி."
அவர் குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார்.
நாற்பது குறைத்தார்.

ஆராவ் போகும் ரயிலில்
செய்தித்தாளில் சுற்றி மடியில் கிடந்தது எஞ்சின்.
சிக்னல் விளக்குகள் ஒவ்வொன்றாய்ப்
பனியில் கரைந்துகொண்டிருந்தன.
மிச்சம் பிடித்த இரண்டு இருபதுத் தாள்களை
மற்ற பணத்தோடு சேர்க்காமல்
சட்டைப்பையில் தனியாக வைத்திருந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

காகிதத்தை விலக்கி
அந்த விளக்கின் விளிம்பைக்
கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினேன்.
எங்கும் கீறவில்லை.