எந்தக் கண்

ஐந்து ரோடு, மூன்றாம் மாடி, இரவு பத்தே முக்கால்.
கீழே தட்டுவடை செட் வண்டி விளக்கணைத்துவிட்டது.
என் திரையில் திறந்திருக்கிறது
ஒஹாயோவில் லேத் ஓட்டிய ஒருவரின் இடது கண்.
தொண்ணூற்றொன்றில் தெறித்த சில்லு
விழிக்கூழில் மிதக்கிறதாம்.
நோயாளிக்கு எப்போது என்று நினைவில்லை,
அவர் மனைவி சொன்ன தேதி.

எச் நாற்பத்து நாலு புள்ளி ஆறு ஐந்து இரண்டு.
ஆறு என்றால் காந்தம் இழுக்கும்.
ஏழு, இழுக்காது.
ஐந்து விழிக்கூழ்.
கடைசி எண் பக்கம்: ஒன்று வலது, இரண்டு இடது.
ஒன்பது என்றால் தெரியவில்லை என்று அர்த்தம்.
ஒன்பது போட்டால் ஆடிட்டில் திரும்பி வரும்.

பழைய பொருள் என்கிறது புத்தகம்.
எத்தனை வருடம் கிடந்தால் பழசு?
பயிற்சியில் கேட்டேன்.
பேனா மூடியைத் தேடிக்கொண்டே சொன்னார் பெனாசிர் மேடம்:
"இன்னைக்குக் குத்துனா அது காயம், வேற அத்தியாயம்.
எடுக்காம விட்டு உள்ளயே தங்கிட்டா
அதான் பழசு."

லாக்கரில் கிடந்த போனுக்கு
சாப்பாட்டு இடைவேளையில் போனபோது பரிமளாவின் செய்தி.
நாத்தனார் என்று இன்னும் அழிக்காத பெயர்.
*அண்ணனுக்கு முதுகுவலி. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு
எம்ஆர்ஐ. சும்மா சொல்லணும்னு தோணுச்சு.*

தயிர்சாத டப்பாவை மூடினேன்.

கஞ்சமலை அடிவாரத்தில் வளர்ந்தவள் நான்.
ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
ஓடை மணலில் இழுத்துப் போனால்
கறுப்பாய் மயிர் முளைத்து வரும்.
காந்தத்துக்கு யாரும் வழி சொன்னதில்லை.

கல்யாணமான முதல் ஆடி.
கொண்டலாம்பட்டிப் பட்டறையிலிருந்து
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார் மாதேசு.
தூசி என்றார்.
இரண்டு நாள் நீர் வடிந்தது, நின்றது.
அன்று அறுத்தது பித்தளையா இரும்பா?
சட்டையைத் துவைத்தவள் நான்.
வாளித் தண்ணீர் செம்மண்ணாய் இருந்தது.
ஆறு.

சரி, எந்தக் கண்?
ஆறு வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம்.
எனக்கு வலப்பக்கம் அவருக்கு இடம்.
என்றைக்கும் எதிரிலேயே இருந்ததால்
எது யாருடைய வலது என்று குழம்புகிறது.
அஸ்தம்பட்டி கோர்ட்டில்தான் பக்கத்தில் நின்றோம்,
அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு படம் மிச்சமிருக்கிறது.
ஏற்காடு, பகோடா பாயிண்ட், அவர் கையால் எடுத்த செல்ஃபி.
பெரிதாக்கினேன்.
ஒரு பாப்பா கடுகு, ஒரு பாப்பா மிளகு.
மிளகு படத்தின் வலப்பக்கம்.
அப்படியானால் அது அவருடைய இடது,
என்று நினைக்கும்போதே
பின்னாலிருந்த மிளகாய் பஜ்ஜி போர்டு
தலைகீழாய் அல்ல, இடம் வலமாய்
திரும்பி நிற்பதைப் பார்த்தேன்.
கண்ணாடிப் படம். ஆகவே வலது.
ஒன்று.

கண்டுபிடித்த பிறகுதான் உறைத்தது,
அந்தப் பெரிய காந்தத்துக்குப் பக்கம் தேவையில்லை.

எண்ணை எப்போதோ அழித்துவிட்டேன்.
விரல் அழிக்கவில்லை.

"யாரு?"
"படிவத்துல, உடம்புக்குள்ள இரும்பு இருக்கான்னு கேப்பாங்க.
இருக்குன்னு எழுதுங்க."
நாய் குரைக்கும் சத்தம். பிறகு,
"எங்க இருக்கு?"
"கண்ல. மொதல்ல எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க.
அதுக்கு முன்னாடி அந்த ரூமுக்குள்ள போகாதீங்க."
"அது தூசிதானே?"
"இல்ல."
அவர் மூச்சு தெரிந்தது.
"எந்தக் கண்ணுன்னு எனக்கே ஞாபகமில்ல."
"வலது," என்றேன்.
வைத்துவிட்டேனா, அவர் வைத்தாரா, தெரியாது. ஒன்பது.

திரும்பி வந்தால்
பதினோரு நிமிடம் அசைவில்லை என்று சிவப்பில் எச்சரிக்கை.
ஒஹாயோக்காரரின் இரண்டை உறுதி செய்து அனுப்பினேன்.

அடுத்த கோப்பு திறந்தது:
கணுக்கால் சுளுக்கு, இடது,
முதல் வருகை.